மழையில் மூழ்கியவள்

சேசு மரி சூசை துணை

நாஸ்கல், லீட்ரிம் மாவட்டம், அயர்லாந்து
மார்ச் 4

அன்புள்ள டிம்ப்னா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த ஆண்டு நீ நலமாக இருப்பது மிகவும் அவசியம். ஏனென்றால் ஆகஸ்டு மாதம் பரலோக மாதா திருநாளன்று நாஸ்கல் ஏரிக்கரையில் உனக்கு நினைவுக்கல் திறக்கப்போகிறார்கள்.

சிரிக்காதே. ஹோபார்ட்டில் உன் சமையலறையில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். கல்லில் வெட்டப்போகும் வாசகத்தை என்னிடம் காட்டினார்கள். "டிம்ப்னா கில்ஹூலி, பாடகி. இந்த நீரில் கலந்தாள்." கலந்தாளாம். தேநீரில் போட்ட சர்க்கரையா நீ? ஆஸ்திரேலியாவின் அடிக்கோடியில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், போன கிறிஸ்துமஸுக்கு என் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியவள், எந்த நீரில் எப்போது கலந்தாள் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இதையெல்லாம் நடத்துகிறவன் கிறிஸ்பின் என்ற லண்டன்காரன். உங்கள் இசைத்தட்டை மறுபடியும் வெளியிடுகிறான். ஆம், அதே 'கொக்கின் பாவசங்கீர்த்தனம்'தான். நீயும் உன் அண்ணனும் ஒரு கோடை முழுவதும் முன்னறையைச் சாத்திக்கொண்டு, கிதாரும் ஹார்மோனியமும் தலைகீழாக ஓடவிட்ட ஒலிநாடாவுமாக அமர்க்களம் செய்தீர்களே, அது. வெளிவந்தபோது ஊரில் ஒருவரும் வாங்கவில்லை. மீந்த பெட்டிகளின் மேல் கோழிகள் முட்டையிட்டன. இப்போது அதற்காக ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஏரிக்கரையில் வெறுங்காலோடு நின்று கண்ணீர் விடுகிறார்கள். உன் குரலைக் கேட்டு நட்சத்திரங்களுக்கு நடுவே மிதந்ததாக ஒரு தாடிக்காரர் என்னிடம் சொன்னார். மிதப்பதற்கு முன் என்ன புகைத்தார் என்று நான் விசாரிக்கவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

கிறிஸ்பின் படித்தவன், மரியாதை தெரிந்தவன், காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். ஆனால் காது இருந்தும் கேட்கத் தெரியாதவன். "மிசஸ் கில்ஹூலி, மூணாவது பாட்டுக்குப் பின்னாடி ஒரு சூனியக்கிழவி மந்திரம் முணுமுணுக்கிற மாதிரி கேக்குதே, அது எந்தக் காலத்து மொழி?" என்று கேட்டான். அது ஐந்தாம் துக்க தேவ இரகசியம். உன் அம்மா அடுக்களையில் நாற்காலியில் முழங்கையை ஊன்றி, முழந்தாளிட்டுச் சொன்ன செபமாலை, சுவரைத் தாண்டி ஒலிநாடாவில் ஏறிவிட்டது. மாதா சபையின் தலைவியாக இருந்த பெண்மணி, கடைசியில் சூனியக்கிழவி. நான் அவனிடம் விளக்கிச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "அப்படின்னா இன்னும் அற்புதம்" என்றான். அற்புதம் என்ற சொல்லுக்குத் திருச்சபையில் ஒரு பொருள் இருக்கிறது, அதை வீணாக்காதே என்றேன்.

கொக்கு சாமியாரிடம் தன் பாவத்தைச் சொல்கிற அந்தக் கடைசிப் பாட்டைப் பற்றித்தான் பெரிய ஆராய்ச்சி. "கொக்கு சொன்னது, சாமி, நான் மீனைத் தின்றேன். மீன் என்ன சொன்னது என்றால்" என்று பாடிக்கொண்டே வந்து, உன் குரல் அங்கேயே அறுந்து போகிறது. அந்த இடத்தில் சாவு உன்னை அழைத்ததாம். மீன் என்ன சொன்னது என்பதை எழுதிப் புத்தகமே போட்டுவிட்டாராம் ஒரு ஜெர்மன்காரர். மாடு ஓட்ஸ் வயலில் இறங்கியதையும், நீ அதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடியதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் அந்த மாட்டுக்கும் சிலை வைப்பார்கள்.

இனி நான் கோபத்தோடு எழுதப்போகிறேன். இதுவரை எழுதியது கோபம் இல்லை.

நீ ஏரியில் மூழ்கினாய் என்ற கதை எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் பக்கத்தில் மழையில் தொப்பலாக நனைந்தவரை "மூழ்கிட்டா" என்றுதான் சொல்வோம். பள்ளியில் மதர் பெர்ப்பெச்சுவா, "நனைந்தாள் என்று சொல், மூழ்கினாள் என்றால் அடக்கம் செய்ய வேண்டும்" என்று எங்கள் விரல் முட்டியில் அளவுகோலால் தட்டுவார். ஊர் திருந்தவில்லை. பல வருடங்களுக்கு முன் அந்த லண்டன் பத்திரிகைக்காரன் வந்து, டிம்ப்னாவைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று மதுக்கடையில் கேட்டான். பேட்சி மல்வி, "நான்தான் பார்த்தேன். ஏரிப் பக்கம், பஸ் நிக்கிற முக்குல. பாவம், மூழ்கிட்டா" என்றான். அன்று பெய்த மழையைச் சொன்னான் அவன். பத்திரிகைக்காரன் வேறு ஊர்க்காரன், ஏரியை எழுதிக்கொண்டான். அடுத்த மாதம் நீ அச்சில் இறந்துபோனாய்.

உன் அண்ணன் மாலக்கியிடம் வந்து கேட்டபோது, "எனக்குத் தெரியாது" என்றார். நீதான் அப்படிச் சொல்லச் சொன்னாய். நீ போன பிறகு வந்த முதல் தொலைபேசி அழைப்பிலேயே, "அண்ணே, நான் எங்க இருக்கேன்னு யார்கிட்டயும் சொல்லாதே. இருக்கேன்னே சொல்லாதே" என்றாய். அவர் சரி என்றார். அந்த ஒரு சொல்லைச் சாகும்வரை காப்பாற்றினார். பொய் சொன்னால் காது சிவக்கிற மனிதர், ஒவ்வொரு முறையும் காது சிவக்கச் சிவக்கச் சொன்னார்.

கேட்க வந்தவர்கள் அந்தச் சிவந்த காதையும் பார்த்திருக்கிறார்கள். தங்கை மூழ்கியதாக அண்ணன் ஏன் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவில்லை? ஏரியில் ஏன் தேடவில்லை? கேட்டால் ஏன் முகம் மாறுகிறது? இப்படிக் கேள்வி கேட்டு, பதிலையும் அவர்களே எழுதி, கணினியில் போட்டுவிட்டார்கள். என் கணவர் உன்னைத் தண்ணீரில் தள்ளினாராம், டிம்ப்னா. தபால் நிலையத்தில் வேலை செய்யும் பெண் எனக்கு அதைப் படித்துக் காட்டினாள். படித்தவளுக்கே அழுகை வந்துவிட்டது. கிறிஸ்பின் இசைத்தட்டோடு கொடுக்கப்போகும் புத்தகத்தில், 'விடை தெரியாத கேள்விகள்' என்ற தலைப்பில் ஒரு பகுதியே இருக்கிறது. கல்லோடு அதுவும் வரும். கல் நிற்கும் வரை அவர் பெயரில் அந்தக் கறையும் நிற்கும்.

நவம்பரில் அவர் படுத்துக்கிடந்த கடைசி வாரத்தில் அந்தக் கடைசிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அறுந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "அட்ராக்டா, மீன் என்ன சொல்லிச்சு?" என்று கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடைசி அடி நீயாகக் கட்டியது, நீ மட்டும் அறிந்தது. உனக்குத் தொலைபேசி செய்தேன். நீ எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. அடக்கத்துக்கு உன்னிடமிருந்து பெயரில்லாத மலர்வளையம் வந்தது. அதைப் படம் பிடிக்க நாலு பேர் வந்தார்கள். கோயிலுக்கு வெளியே அவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றியது உனக்கு, உள்ளே பெட்டியில் கிடந்தவருக்கு இல்லை.

உண்மையை நானே சொல்லிவிடலாம். ஆனால் போவதற்கு முன் அவர் என் கையைப் பிடித்து, "அவ சொல்லட்டும். நீ சொல்லாதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கொடுத்த வாக்கை மீற எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆகவே நீதான் வாய் திறக்க வேண்டும். கிறிஸ்பினுக்கு எழுது, அல்லது அவனோடு பேசு. ஒரே ஒரு வாக்கியம் போதும்: நான் உயிரோடு இருக்கிறேன், என் அண்ணன் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவன் விலாசம் உறையின் பின்புறம் இருக்கிறது.

சேசுவின் திரு இருதயம் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காக்கட்டும், சோம்பலிலிருந்தும் காக்கட்டும்.

உன் அண்ணி,
அட்ராக்டா கில்ஹூலி


சேசு மரி சூசை துணை

நாஸ்கல்
மே 29

டிம்ப்னா,

உன் அட்டை வந்தது. முன்பக்கம் பென்குவின் பறவை. பின்பக்கம் மூன்று வரி. "அண்ணி, செத்தவளா இருக்கறது ரொம்ப சௌகரியம். யாரும் பாடச் சொல்றதில்ல. கல்லு வைக்கறதுன்னா நல்ல கல்லா வைக்கச் சொல்லுங்க."

இதை அடுப்பில் போடலாம் என்று எடுத்துப் போனேன். பிறகு பென்குவினைப் பார்த்தால் மடத்துக் கன்னியரின் நினைவு வந்தது. போடவில்லை. அலமாரியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.

உனக்கு நடந்தது அநியாயம். அதை நான் எப்போதாவது இல்லை என்றேனா? அன்றைய பங்குச் சாமியார் பிரசங்கப் பீடத்தில் நின்று, கொக்கு பாவசங்கீர்த்தனம் செய்வதாகப் பாடுவது தேவ திரவிய அனுமானத்துக்கே, திருச்சபையின் புனிதச் சடங்குக்கே அவமானம் என்றார். அந்தப் பெண்ணின் விரித்த தலையையும் வெறுங்காலையும் பாருங்கள் என்று இசைத்தட்டின் அட்டையைத் தூக்கிக் காட்டினார். நீ ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உன் அப்பா அதன்பிறகு உன்னோடு பேசவில்லை. உன் அம்மா முன்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த வாரமே நீ அப்பாவின் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் போய் பேருந்துக்கு நின்றாய். போனது சரி. நானாக இருந்தாலும் போயிருப்பேன், குடை எடுத்துக்கொண்டு.

ஆனால் அந்தப் பிரசங்கத்தின் நடுவே எழுந்து, காலணி தடதடக்க நடு வழியே நடந்து வெளியே போனது யார்? ஒரே ஒரு ஆள். அவரைத்தான் இப்போது கொலைகாரர் என்கிறார்கள். அந்தச் சாமியாரும் போய்ச் சேர்ந்தார், உன் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். நீ இன்னும் கோபித்துக்கொண்டிருப்பது யாரிடம்? செத்தவர்களைத் தண்டிக்க நீ செத்துக் காட்டுகிறாய். அடி விழுவது என் வீட்டுக்காரருக்கு.

போன வெள்ளிக்கிழமை ஊர் மண்டபத்தில் கல் விஷயமாகக் கூட்டம் போட்டார்கள். நான் தொப்பி வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். பேட்சி மல்வியை மேடையில் ஏற்றியிருந்தார்கள். 'மூழ்கியதைப் பார்த்த கடைசி மனிதர்' என்று அவனுக்கு ஒரு பட்டம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே வருகிறவர்கள் செலவில் கறுப்பு பியர் குடித்து அவன் வயிறு பீப்பாயாகிவிட்டது. நான் எழுந்து நின்று கேட்டேன். பேட்சி, நீ பார்த்தபோது அவள் தண்ணீருக்குள் இருந்தாளா, தண்ணீர் அவள் மேல் இருந்ததா என்று.

பேட்சி தொப்பியைச் சுழற்றினான். "மிசஸ், பள்ளிக்கூடத்துல கேக்கற மாதிரி கேக்கறீங்களே" என்றான். பதில் சொல் என்றேன். "சரி, மழைதான். வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. அவ மூழ்கிட்டான்னா, நாம சொல்றோமே அந்த மூழ்கினதுதான். கோட்டுல இருந்து தண்ணி சொட்டுச்சு. நான் சைக்கிள்ல போனேன், நானும்தான் மூழ்கினேன். எனக்கு யாராச்சும் கல்லு வெச்சாங்களா?"

நம் ஆட்கள் சிரித்தார்கள். உனக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்கும். ஆனால் கிறிஸ்பின் எழுந்து, கண்கள் ஈரமாக, "என்ன அழகான உருவகம். மழையே ஏரியாகி அவங்களை எடுத்துக்கிச்சு" என்றான். வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். பேட்சிக்கு ஒரு குவளை வந்தது. அதைக் கையில் வாங்கியதும், "ஆனா ஏரியும் பக்கத்துலதான் இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டான் அந்தத் துரோகி.

வெளியே வந்து அவனிடம், நாளைக்கு என் முகத்தில் எப்படி முழிப்பாய் என்றேன். "கோவிச்சுக்காதீங்க மிசஸ். உண்மைக்கு யாரும் ஒரு குவளை வாங்கித் தரமாட்டேங்கறான்" என்றான்.

இன்னொன்று சொல்கிறேன். இதைக் கேட்டுவிட்டும் பென்குவின் அனுப்புகிறாயா என்று பார்க்கிறேன். கடைசிப் பாட்டு தொடங்கும் முன் மாலக்கி ஒரு இருமல் இருமி, "சரி, போலாம் டிம்ப்" என்பார். இசைத்தட்டில் அது இருக்கிறது. அவர் போன பிறகு நான் முன்னறையில் உட்கார்ந்து அதை மட்டும் போட்டுக் கேட்பேன். பாட்டுக்கு முன்பே ஊசியைத் தூக்கிவிடுவேன். உங்கள் பாட்டு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. புதிதாக வரப்போவதைக் கிறிஸ்பின் பெருமையாகப் போட்டுக் காட்டினான். இருமல் இல்லை. "சரி, போலாம் டிம்ப்" இல்லை. எங்கே என்று கேட்டேன். "தேவையில்லாத சத்தத்தையெல்லாம் சுத்தம் பண்ணிட்டோம்" என்றான்.

செபமாலையைச் சூனியம் என்று வைத்துக்கொண்டார்கள். என் கணவர் தேவையில்லாத சத்தம். நான் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அவன் காலணியை மாட்டிக்கொள்ளும் வரை பொறுமையாக நின்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

உன் பாட்டு, உன் குரல். நீ ஒரு வார்த்தை சொல்லித் தடுத்தால் அவன் எதையும் வெளியிட முடியாது. அப்போது அந்த இருமலைத் திருப்பி வைப்பான். வெட்டியது அவனுக்குச் சின்ன வேலை, ஒட்டுவதும் சின்ன வேலைதானே.

நான் இன்னும் வாக்கை மீறவில்லை. ஆனால் உன்னை எச்சரிக்கிறேன். பொய் சொல்லாதே என்று மட்டும்தான் மடத்தில் கற்றுக்கொடுத்தார்கள் என்று நினைக்காதே. பொய் சொல்லாமல் எவ்வளவு சொல்ல முடியும் என்றும் கற்றுக்கொடுத்தார்கள்.

இரக்கமுள்ள மாதா உன் நெஞ்சில் ஈரம் சுரக்கச் செய்வாராக.

அட்ராக்டா


சேசு மரி சூசை துணை

நாஸ்கல்
ஜூலை 7

அன்புள்ள டிம்ப்னா,

நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நடந்ததை வேறு யாரும் திரித்து உனக்குச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

போன மாதக் கடைசியில் கிறிஸ்பின் பங்குக் குருவிடம் போய், கல் திறக்கும் திருநாளில் உனக்காக இறந்தோர் பூசை வைக்கக் கேட்டிருக்கிறான். பங்குக் குரு இப்போது ஒபின்னா சாமியார். நைஜீரியாவிலிருந்து வந்து இரண்டு குளிர்காலம் தாங்கிவிட்டார், நல்ல உச்சரிப்பு, பிரசங்கம் சுருக்கம். குடும்பத்தின் சம்மதம் வேண்டுமே என்று அவர் என்னிடம் வந்தார். அந்த நிமிடம் வரை நான் என்ன செய்வது என்று தெரியாமல்தான் இருந்தேன். உயிரோடு இருக்கிறவளுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டுப் பீடத்தில் செபிப்பதை என் மௌனத்தால் நடக்கவிட்டால், மாலக்கிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டு ஆண்டவரிடம் பொய் சொன்னவளாவேன்.

ஆகவே சொன்னேன்: சாமி, அந்தப் பூசை வேண்டாம். டிம்ப்னா கில்ஹூலியின் பெயரில் நானே ஒரு பூசை கொடுக்கிறேன், வரும் ஞாயிறு பதினொரு மணிக்கு. வாழ்வோர் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கருத்து, பயணம் நல்லபடி அமைய.

சாமியார் என்னைப் பார்த்தார். "வாழ்வோர் பக்கத்துலயா, மிசஸ் கில்ஹூலி?" என்றார். ஆம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

நேற்று கோயில் நிறைந்திருந்தது. பாதி நம் ஆட்கள், பாதி கிறிஸ்பினின் கூட்டம். மெழுகுவர்த்திப் பைகளும் கம்பளித் தொப்பிகளுமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் பூசைக் கருத்துகளை வாசித்தார். இறந்தோர்: ரெய்லி குடும்பத்தார், மூத்த டோலன், மாலக்கி கில்ஹூலி. பிறகு பக்கத்தைத் திருப்பி, அதே குரலில், "வாழ்வோர்: டிம்ப்னா கில்ஹூலி, பயணம் நல்லபடி அமைய" என்றார்.

பின் வரிசைகளில் ஒரு சலனமும் இல்லை. வாழ்வோர் என்ன, இறந்தோர் என்ன, அவர்களுக்கு எல்லாம் ஒரே மணியோசை. ஆனால் நம் பக்கம் இருந்த ஒவ்வொரு தலையும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவோரம் வழக்கம்போல நின்றுகொண்டே பூசை காணும் பேட்சி மல்வி, தனக்குள் பேசுவதாக நினைத்துக்கொண்டு கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "அட மாதாவே. அப்ப அவ காஞ்சுட்டாளா?"

டிம்ப்னா, மாலக்கி போன பிறகு நான் கோயிலில் சிரித்தது அதுதான் முதல் தடவை. கையுறையை வாயில் வைத்துக்கொண்டேன்.

வெளியே கிறிஸ்பின் எல்லோரையும் பார்த்துப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டான். பேட்சிதான் விளக்கினான். "தம்பி, செத்தவங்களுக்கு ஒரு பக்கம், உசுரோட இருக்கறவங்களுக்கு ஒரு பக்கம். எந்தப் பக்கம் வாசிச்சாங்கன்னு கேட்டீங்கல்ல? கல்லைத் திருப்பி அனுப்புங்க." கிறிஸ்பினின் முகம் பாலாடை போல வெளுத்துவிட்டது. என்னிடம் வந்து, "அவங்க உயிரோட இருக்காங்களா?" என்றான். நான் ஒரு பூசை கொடுத்தேன் என்றேன். மறுபடி கேட்டான். நான் ஒரு பூசை கொடுத்தேன், மழை வருகிறது, வழி விடு என்றேன்.

அவன் சாமியாரிடம் ஓடினான், தவறாக வாசித்திருக்கலாம் அல்லவா என்று. "எழுதியிருந்ததை வாசிச்சேன்" என்றார் அவர். மாலையில் கிறிஸ்பின் என் வாசலுக்கு வந்து, காலணியைக் கழற்றாமலே நின்று சொன்னான். "துக்கத்துல நீங்க இப்படி நம்பறதை நான் மதிக்கிறேன். ஆனா எனக்குக் கல்லும் தயார், புத்தகமும் தயார். அவங்களே வந்து எதிர்ல நின்னா மட்டும்தான் நிறுத்துவேன்." துக்கத்தில் புத்தி பேதலித்த கிழவி என்கிறான், மரியாதையாக.

ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நம் கிழங்கள் எல்லாம் என்னை நம்புகிறார்கள். நாற்பது வயதுக்குக் கீழே ஒருவரும் நம்பவில்லை. கடைக்காரர்கள் நம்ப விரும்பவில்லை, ஏனென்றால் செத்த பாடகியைப் பார்க்க வருகிறவர்கள் தங்குவார்கள், சாப்பிடுவார்கள். உயிரோடிருக்கும் பேருந்து ஓட்டுநரைப் பார்க்க யார் வருவார்கள்? காலையில் ரொட்டி வாங்கப் போனபோது டோலனின் மருமகள், "ஆன்ட்டி, அந்தக் கதை அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாள். கல்லறைத் தோட்டத்தில் இரண்டாவது வரிசையில் இருக்கிறார், போய் அவரைக் கேள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரொட்டியை அங்கேயே விட்டுவிட்டேன்.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். ஒரு வாக்கையும் மீறாமல் எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போய்விட்டேன். இதற்கு மேல் ஒரு அடி வைத்தாலும் அது மாலக்கியின் மேல் வைக்கிற அடி. அந்த அடியை நீதான் வைக்க வேண்டும். இனி உன் கடிதமும் செல்லாது, தொலைபேசியும் செல்லாது. யார் வேண்டுமானாலும் உன் பெயரில் எழுதலாம், பேசலாம் என்பான். நீயே வர வேண்டும்.

டப்ளின் பேருந்து இப்போதும் ஏரி முக்கில்தான் நிற்கிறது. நிழற்குடை கட்டுவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள், இன்னும் கட்டவில்லை. உன் அறையில் புது மெத்தை போட்டிருக்கிறேன். கொக்குப் படம் தீட்டிய அந்த அசிங்கமான திரைச்சீலையை எடுக்கவில்லை, அது மாலக்கி உனக்காக விட்டு வைத்தது. நீ எடுத்துப் போன கோட்டு இன்னும் இருந்தால் போட்டுக்கொண்டு வா. கல்லின் முன் போய் நில். நீ பாட வேண்டியதில்லை. யாராவது உன்னைப் பாடச் சொன்னால் நான் குடையால் அடிப்பேன், வயது பார்க்க மாட்டேன். "அவர் என் அண்ணன்" என்று மட்டும் சொல். அது போதும், மீதியை ஊர் புரிந்துகொள்ளும்.

இந்தக் கடிதத்தைக் கோபத்தோடுதான் தொடங்கினேன். இன்னும் கோபம் இருக்கிறது. நீ வந்ததும் முதலில் திட்டுவேன், அதற்குத் தயாராக வா. ஆனால் மாலையானால் இந்த வீட்டில் "சரி, போலாம்" என்று சொல்லிக் காட்டும் அந்த இசைத்தட்டும் நானும் மட்டும்தான் இருக்கிறோம். அவர் சின்ன வயதில் எப்படி இருப்பார் என்று தெரிந்தவர் இந்த உலகத்தில் உன்னை விட்டால் வேறு யாரும் இல்லை. ஊருக்கு ஒன்றும் சொல்லாவிட்டாலும் போகட்டும். மீன் என்ன சொன்னது என்று எனக்கு மட்டும் சொல். அவர் கேட்டுவிட்டுப் போனதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு நிச்சயம் மழை பெய்யும். மூழ்கி வந்து வாசலில் நின்றாலும் பரவாயில்லை, கதவைத் தாழிட மாட்டேன். அடுப்புக்கு மேல் துண்டு காய்ந்துகொண்டிருக்கும்.

ஆண்டவர் உன்னைக் கரை சேர்க்கட்டும்.

உன் அண்ணி,
அட்ராக்டா